ரக்பி லீக் உலகக் கோப்பைகள்: ஆளே இல்லாத ஆட்டத்துக்கு இத்தனை கோப்பையா?

20 அக்டோபர் 2024

*வாசகர் ஒருவர் கிளப்பியது:*

வெள்ளிக்கிழமை பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா 18, டோங்கா 0. இதற்கு பசிபிக் சாம்பியன்ஷிப் என்று ஒரு பெயர் வேறு. நான் கண்டியில் படித்தவன். அங்கே பள்ளிகள் மோதும் பிராட்பி ஷீல்டு ரக்பி ஆட்டத்துக்குக் கோட்டு ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன். ரக்பி என்றால் எனக்கு யூனியன்தான். இந்த லீக் சிட்னியிலும் வட இங்கிலாந்திலும் நாலு ஊரில் ஆடுகிற ஆட்டம். அதற்குப் போய் ஆண்கள் கோப்பை, பெண்கள் கோப்பை, சக்கர நாற்காலிக் கோப்பை, மாணவர் கோப்பை, ராணுவக் கோப்பை, ஒன்பது பேர் ஆடும் கோப்பை! ஆள் வராத கல்யாணத்துக்கு ஏழு பந்தி எதற்கு?

20 அக்டோபர், இரவு

கண்டி அண்ணே, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆண்கள் உலகக் கோப்பை இதுவரை 16 தடவை நடந்திருக்கிறது. 12 ஆஸ்திரேலியாவுக்கு, 3 பிரிட்டனுக்கு, 1 நியூசிலாந்துக்கு. அவ்வளவுதான் பட்டியல்.

2022-ல் நடந்ததில் இங்கிலாந்து 94, கிரீஸ் 4. டோங்கா 92, குக் தீவுகள் 10. ஆஸ்திரேலியா 84, ஸ்காட்லாந்து 0. இதையெல்லாம் பார்த்துவிட்டு "உலக ஆட்டம்" என்று யாராவது மார் தட்டினால் எனக்கும் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் நீங்கள் கேலி செய்த அந்த மற்ற கோப்பைகள்தான் என்னை இந்த ஆட்டத்தில் உட்கார வைத்தன. ஆண்கள் கோப்பையை மட்டும் பார்த்திருந்தால் நான் எப்போதோ கிரிக்கெட்டுக்கே திரும்பியிருப்பேன்.

21 அக்டோபர்

"லீக்குக்கும் யூனியனுக்கும் என்ன வித்தியாசம், இரண்டும் முட்டை வடிவப் பந்துதானே" என்று ஒருவர் தனியாகக் கேட்டார். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

லீக்கில் பக்கத்துக்கு 13 பேர், யூனியனில் 15. லீக்கில் பந்து கையில் இருக்கிற அணிக்கு ஆறு டேக்கிள், அதாவது எதிராளி பிடித்து நிறுத்துவது ஆறு தடவை. ஆறாவதில் பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும், அதனால் அதற்கு முன்பே உதைத்து அனுப்பிவிடுவார்கள். பந்து வெளியே போனால் வரிசையாக நின்று எம்பிப் பிடிக்கிற லைன்அவுட் கிடையாது. பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் அது டிரை. யூனியனில் ஒரு டிரைக்கு 5 புள்ளி, இங்கே 4.

பிரிந்தது 1895-ல். ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்து கிளப்புகள் கூடி, தனியாகப் போகிறோம் என்று முடிவெடுத்தன. சண்டை காசைப் பற்றியது. மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்கிறவன் சனிக்கிழமை ஆட வந்தால் அந்தக் கூலி போய்விடும், அதை ஈடுகட்டிக் கொடுங்கள் என்றார்கள். லண்டன் பெரிய மனிதர்கள் மாட்டேன் என்றார்கள். நாலு ஊர் ஆட்டம் என்கிறீர்களே அண்ணே, அது அந்த நாலு ஊரில் பிறந்ததற்குக் காரணம் இதுதான்.

21 அக்டோபர், பின்னிரவு

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. யூனியன்காரர்கள் முதல் உலகக் கோப்பை நடத்தியது 1987-ல். லீக்குக்கு 1954-லேயே நடந்துவிட்டது. 33 வருஷ வித்தியாசம். நடத்தியது இங்கிலாந்தும் இல்லை, ஆஸ்திரேலியாவும் இல்லை. பிரான்ஸ்!

அதிலும் ஒரு கதை இருக்கிறது. 1941-ல், போர்க்காலத்தில் ஜெர்மனிக்குப் பணிந்து நடந்த விஷி அரசு பிரான்சில் ரக்பி லீக்கையே தடை செய்து, சங்கத்தின் சொத்தைப் பறிமுதல் செய்துவிட்டது. போர் முடிந்ததும் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர் பால் பாரியேர். உலகக் கோப்பை யோசனையும் அவருடையதுதான். நாலே அணிகள். பாரிஸ் இறுதி ஆட்டத்தில் பிரிட்டன் 16, பிரான்ஸ் 12. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் தடை செய்யப்பட்ட ஆட்டம் பாரிஸின் பார்க் தே பிரின்ஸ் மைதானத்தில்!

அண்ணே, பிராட்பி ஷீல்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது வேறு மரியாதை.

23 அக்டோபர்

சரி, சக்கர நாற்காலிக்கு வருகிறேன். "அது பாராலிம்பிக்ஸில் இருக்கிறதே, அதுதானே" என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். இல்லை. பாராலிம்பிக்ஸில் இருப்பது கனடாவில் 1970-களில் பிறந்த வேறு ஆட்டம். பக்கத்துக்கு நாலு பேர், உருண்டைப் பந்து, முன்பக்கமும் வீசலாம். லீக் வகை பிரான்சில் 2004-ல் தொடங்கியது. பக்கத்துக்கு ஐந்து பேர், முட்டைப் பந்துதான், பின்பக்கம்தான் பாஸ், ஆறு டேக்கிள், 40 நிமிடப் பாதிகள் இரண்டு. கிட்டத்தட்ட மைதானத்து ஆட்டத்தை அப்படியே உள்ளரங்குக்குக் கொண்டுவந்த மாதிரி.

தோளில் இரு பக்கமும் ஒட்டுப்பட்டை இருக்கும். அதை எதிராளி பிய்த்துவிட்டால் அது ஒரு டேக்கிள். ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடலாம். உடற்குறை இல்லாதவரும் நாற்காலியில் உட்கார்ந்து ஆடலாம், அதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. இந்தக் கடைசி விஷயம் தெரிந்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இடத்தைப் பறிப்பது போல இல்லையா?

அப்புறம் இங்கே மேற்கு சிட்னியில் ஒரு உள்ளரங்கில், யார் வேண்டுமானாலும் வந்து ஆடிப் பாருங்கள் என்று ஒரு நாள் வைத்தார்கள். மகளை அழைத்துப் போனேன். என்னையும் பெல்ட்டால் கட்டி உட்கார வைத்தார்கள். சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று சாய்ந்திருக்கும். ஓட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும், பந்தைப் பிடிக்கவும் அதே கைகள்தான். பந்தை மடியில் போட்டுக்கொண்டு தள்ளினேன். பின்னாலிருந்து வந்த ஒரு அம்மா என் தோள் பட்டையைப் பிய்த்துக்கொண்டு போனது கூடத் தெரியவில்லை. அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. எனக்கு இரண்டு காலும் இருந்து என்ன பிரயோஜனம்? நாற்காலியில் அவர் பழகியவர், நான் பழகாதவன். "இடத்தைப் பறிப்பது" என்று யோசித்ததெல்லாம் அங்கேயே போயிற்று.

டிரைக்குப் பிறகு பந்தைக் கம்பத்துக்கு நடுவே அனுப்பிக் கூடுதல் புள்ளி எடுப்பதுதான் கன்வெர்ஷன். நாற்காலியிலிருந்து அதை உதைக்க முடியாதல்லவா, ஸ்டாண்டில் பந்தை நிறுத்தி முஷ்டியால் குத்த வேண்டும். நான் குத்தியது எதிரே இருந்த சுவருக்குப் போனது. மகள் குத்தியது கம்பத்துக்கு நடுவே போனது. வீட்டில் இன்னும் அதைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை.

24 அக்டோபர்

நேற்று விட்டுப்போனது. 2022-ல் சக்கர நாற்காலி இறுதி ஆட்டம் மான்செஸ்டர் சென்ட்ரல் அரங்கில் நடந்தது. அது பழைய ரயில் நிலையம். எங்களுக்குச் சனிக்கிழமை விடிகாலை. அந்தப் பொழுதில் பார்த்த வேறு எந்த ஆட்டமும் நினைவில் நிற்கவில்லை, இது நிற்கிறது. 24-24. மூன்று நிமிடம்தான் மிச்சம். இங்கிலாந்து கேப்டன் டாம் ஹாலிவெல் பந்தோடு இடுக்கில் புகுந்து டிரை போட்டார். 28-24. முந்தைய இரண்டு கோப்பைகளையும் வென்றிருந்த பிரான்ஸ் தோற்றது. அரங்கில் 4,526 பேர், அந்த ஆட்ட வகைக்கு அது சாதனை.

மறுநாள் ஓல்டு டிராஃபோர்டில் ஆண்கள் இறுதி: ஆஸ்திரேலியா 30, சமோவா 10. பெண்கள் இறுதி: ஆஸ்திரேலியா 54, நியூசிலாந்து 4. மூன்றில் எது ஆட்டம், சொல்லுங்கள்.

24 அக்டோபர், மதியம்

"நீங்கள் சொல்வது ஒரே ஒரு ஆட்டம்" என்று கண்டி அண்ணன் பதில் போட்டிருக்கிறார். நியாயம்.

ஆனால் அந்த வருஷம் அவர்கள் செய்தது சின்ன விஷயம் இல்லை. ஆண்கள் 31 ஆட்டம், பெண்கள் 15, சக்கர நாற்காலி 15, மொத்தம் 61. மூன்றும் ஒரே சமயம், ஒரே பெயரில், ஒரே ஏற்பாட்டாளர்கள். ஆடுகிறவர்களுக்குக் கொடுக்கும் பங்கேற்புத் தொகையும் மூன்றுக்கும் சமமாகவே வைத்தார்கள். பெண்கள் அணிகளில் பிரேசில் இருந்தது! ஹெடிங்லியில் இங்கிலாந்திடம் 72-4 என்று தோற்றார்கள். அந்த 4 புள்ளிக்கு, அதாவது ஒரே ஒரு டிரைக்கு, மைதானம் எழுந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

இதன் பெயர் "2021 உலகக் கோப்பை" என்பது கூடுதல் குழப்பம். 2021-ல் கொரோனாவைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வர மறுத்ததால் ஒரு வருஷம் தள்ளிப்போனது. பெயரை மட்டும் மாற்றவில்லை.

28 அக்டோபர்

நேற்று கிறைஸ்ட்சர்ச்சில் ஆஸ்திரேலியா 22, நியூசிலாந்து 10. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வேறொன்று. அதே 2022 அக்டோபரில் வாரிங்டனில் இன்னொரு உலகக் கோப்பை நடந்தது, இங்கே யாரும் அதைச் சொல்லவில்லை. உடற்குறை உள்ளவர்கள் நின்று, ஓடி ஆடும் வகை. பக்கத்துக்கு ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் சிவப்பு ஷார்ட்ஸ் போட்டிருப்பார்கள். அவர்களைக் கீழே தள்ளக் கூடாது, தொட்டாலே டேக்கிள். மற்றவர்களை முழு பலத்தோடு சாய்க்கலாம். பெருமூளை வாதம் உள்ளவர், ஒரு கை இல்லாதவர் எல்லாரும் ஒரே அணியில். இங்கிலாந்து ஜெயித்தது. இந்த வகை ஆட்டமே சிட்னியில் 2010 வாக்கில் தொடங்கியதுதான்.

அந்தச் சிவப்பு ஷார்ட்ஸ் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. நடுவர் விசில் ஊதி விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பார்த்தாலே தெரியும், எல்லாரும் அதை மதித்து ஆடுகிறார்கள்.

3 நவம்பர்

நேற்று ஆக்லாந்தில் டோங்கா 25, நியூசிலாந்து 24! கடைசி நேர ஃபீல்டு கோல் (ஆட்டம் ஓடும்போதே கம்பத்துக்கு நடுவே உதைப்பது), அடித்தவர் ஐசேயா கட்டோவா. வென்ட்வர்த்வில்லில் எங்கள் தெரு வழியாகச் சிவப்புக் கொடி கட்டிய கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

டோங்காவின் மக்கள்தொகை ஒரு லட்சம் இருக்கும். நம்மூரில் ஒரு நகராட்சி அளவு. 2017-க்கு முன்னால் இவர்கள் யாரையும் பயமுறுத்தவில்லை. அந்த வருஷம் உலகக் கோப்பைக்குக் கொஞ்சம் முன்னால் ஜேசன் டாவுமலோலோ நியூசிலாந்தை விட்டு டோங்காவுக்கு ஆடுவதாக அறிவித்தார். ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா ஆஸ்திரேலியாவை விட்டு வந்தார். பெரிய அணியில் கிடைக்கிற பணம் இங்கே கிடையாது. ஹாமில்டனில் பாதி ஆட்டத்தில் நியூசிலாந்து 16, டோங்கா 2. முடிவில் டோங்கா 28, நியூசிலாந்து 22. 2019-ல் ஆஸ்திரேலியாவையே 16-12 என்று சாய்த்தார்கள்.

விதி என்னவென்றால், பிறந்த நாடு, பெற்றோர் நாடு, தாத்தா பாட்டி நாடு, இவற்றில் எதற்கும் ஆடலாம். ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து மூன்றும் முதல் தட்டு. அதில் ஒன்றுக்கு ஆடியவர் பிறகு தன் பூர்வீகச் சின்ன நாட்டுக்குப் போகலாம். முன்பெல்லாம் அங்கே இடம் கிடைக்காதவர்தான் இங்கே வருவார். இப்போது இடம் கிடைத்தும் வருகிறார்கள். 2022-ல் சமோவாவும் அப்படித்தான் எழுந்தது. முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 60-6 என்று உதை வாங்கினார்கள். நாலு வாரம் கழித்து அரையிறுதியில் அதே இங்கிலாந்தை 27-26 என்று கோல்டன் பாயின்டில், அதாவது கூடுதல் நேரத்தில் முதல் புள்ளி எடுத்து, வெளியே அனுப்பினார்கள்.

5 நவம்பர்

"அப்படியானால் அது டோங்கா அணி இல்லை, ஆக்லாந்து அணி. லெபனான் அணி இல்லை, பாராமட்டா அணி." இது கண்டி அண்ணன் (பாராமட்டா இங்கே மேற்கு சிட்னியில் இருக்கிறது). இந்த இழையிலேயே கூர்மையான வரி இதுதான், ரெண்டு நாளாக மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது.

லெபனான் விஷயத்தில் அவர் சொல்வது உண்மை. 2000-ல் முதல்முறை உலகக் கோப்பைக்கு வந்த லெபனான் அணியில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர்கள். அப்போதே பெரிய விவாதம். அதே கோப்பையில் மாவோரிகளுக்குத் தனி அணி வேறு இருந்தது. நியூசிலாந்துக்கு ஒன்று, மாவோரிக்கு ஒன்று. நாடு என்றால் என்ன என்பதில் இந்த ஆட்டத்துக்கு எப்போதுமே கறாரான பதில் இருந்ததில்லை.

எங்கள் வேலை இடத்தில் ஒரு லெபனான்காரர் இருக்கிறார். மெர்ரிலேண்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். பெய்ரூட் போனது ஒரு தடவை, அதுவும் கல்யாணத்துக்கு. அவரிடம் இதைக் கேட்டேன். "எங்கப்பா கப்பலில் வரும்போது ஊரை அங்கேயே விட்டுவிட்டா வந்தார்?" என்றார். என் மகளுக்குத் திருச்சியும் அப்படித்தான். அவளை ஆஸ்திரேலியா என்று எழுதினாலும் இந்தியா என்று எழுதினாலும் பாதிதான் சரி. நான் இதில் அண்ணன் பக்கம் இல்லை.

ஆனால் ஒரு உறுத்தல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பூர்வீகக்காரர்கள் வந்து இடத்தை நிரப்பினால் அந்த நாட்டுக்குள் ஆடுகிறவன் கதி? கிரீஸில் கொஞ்ச காலம் இந்த ஆட்டத்துக்கு அரசு அங்கீகாரம் இல்லை. மைதானம் கிடைக்காமல், போலீஸுக்குப் பயந்து ஒளிந்து ஒளிந்து ஆடினார்கள். அப்படி ஆடித்தான் 2022 கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். இங்கிலாந்துக்கு எதிரான அந்த 94-4 ஸ்கோரை நான் மேலே கேலியாக எழுதினேன். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த 4 வேறு மாதிரி தெரியும்.

6 நவம்பர்

மாணவர் கோப்பை பற்றிக் கேட்டவருக்கு: 1986-ல் நியூசிலாந்தில் தொடங்கியது. பெரிய அணிகள் நுழைய யோசிக்கிற நாடுகளில் முதலில் கல்லூரிப் பையன்கள்தான் பந்தைத் தொடுகிறார்கள். ராணுவக் கோப்பை 2008-லிருந்து. ஒன்பது பேர் கோப்பை 2019-ல் இங்கே பாராமட்டாவில் நடந்தது, பாதிக்கு ஒன்பது நிமிடம், குழந்தைகளோடு போகத் தோதான ஆட்டம். ஆண்களில் ஆஸ்திரேலியா, பெண்களில் நியூசிலாந்து. ஆஸ்திரேலியப் பெண்கள் தோற்றது 17-15, அதாவது இரண்டே புள்ளியில்.

வளரும் நாடுகளுக்கு 1995-ல் தனியாக ஒன்று வைத்தார்கள். மால்டோவாவும் மொராக்கோவும் அதில் ஆடின என்றால் நம்புவீர்களா? குக் தீவுகள் ஜெயித்தது. 2018-ல் சிட்னியில் அதே மாதிரி இன்னொன்று, மால்டா ஜெயித்தது.

11 நவம்பர்

நேற்று பாராமட்டா மைதானத்துக்குப் போயிருந்தேன். முதலில் சொன்ன அந்தப் பசிபிக் சாம்பியன்ஷிப்பின் இறுதி. ஒரே டிக்கெட்டில் மூன்று ஆட்டம். முதலில் பெண்கள் இறுதி, ஆஸ்திரேலியா நியூசிலாந்தை வென்றது. அடுத்து நியூசிலாந்துக்கும் பாப்புவா நியூ கினிக்கும் மேல்தட்டில் யார் இருப்பது என்ற ஆட்டம், அதில் நியூசிலாந்து எளிதாகத் தப்பித்தது. கடைசியில் ஆஸ்திரேலியா 20, டோங்கா 14.

28 ஆயிரத்துக்கு மேல் கூட்டம், அதில் பச்சை மஞ்சளைத் தேட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியா தன் சொந்த ஊரில் விருந்தாளி! எனக்கு முன்வரிசையில் ஒரு டோங்கா பாட்டி. சிவப்பு டி-ஷர்ட், அதற்கு மேல் இடுப்பில் பின்னல் பாய் சுற்றி, கயிறால் கட்டியிருந்தார். கோயிலுக்குப் போகிற உடுப்பு அது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் கூட்டம் தேவாலயப் பாட்டு ஒன்றை எடுத்தது. ஆண் குரல் கீழே, பெண் குரல் மேலே, ஒத்திகை பார்த்த மாதிரி பிரிந்து சேர்ந்தது. பாட்டி கண்ணை மூடிக்கொண்டு பாடினார். பாட்டு முடிந்த கையோடு எழுந்து நின்று நடுவரைத் திட்டத் தொடங்கியவர், 80 நிமிடமும் உட்காரவில்லை. எனக்கு மைதானத்தில் பாதி தெரியவில்லை. நான் உட்காருங்கள் என்று சொல்லவும் இல்லை. யார் சொல்வது!

11 நவம்பர், இரவு

"தோற்றதுதானே" என்கிறார் அண்ணன். தோற்றதுதான். 18-0 மூன்று வாரத்தில் 20-14 ஆனது.

24 நவம்பர்

2026 பற்றி ஒருவர் கேட்டிருந்தார். முதலில் 2025-ல் பிரான்சில் நடப்பதாக இருந்தது. பணம் தேறாது என்று 2023-ல் பிரான்ஸ் கைவிட்டது. இப்போது 2026 அக்டோபர், நவம்பரில் ஆஸ்திரேலியாவில். ஆண்கள் அணிகளை 16-லிருந்து 10-ஆகக் குறைத்துவிட்டார்கள். பெண்கள் 8, சக்கர நாற்காலி 8.

2022 காலிறுதிக்கு வந்த எட்டு அணிகளுக்கும் நேரடி இடம். மிச்சம் இரண்டு இடத்துக்கு மற்ற எல்லாரும் அடித்துக்கொள்ள வேண்டும். 1954-ல் உலகக் கோப்பையை உண்டாக்கிய பிரான்ஸே அந்த வரிசையில்தான் நிற்க வேண்டியதாயிற்று.

இந்த ஒரு முடிவில் எனக்கு உடன்பாடில்லை. 94-4 மாதிரி ஸ்கோர் வேண்டாம் என்பது புரிகிறது. ஆனால் கிரீஸுக்கும் ஜமைக்காவுக்கும் கதவைச் சாத்திவிட்டு, ஆட்டம் பரவவில்லை என்று பிறகு வருத்தப்படக் கூடாது. 1995 மாதிரி பக்கத்திலேயே ஒரு இரண்டாம் கோப்பை வைத்திருக்கலாம். பிரதானக் கோப்பை நடக்கும் அதே நகரங்களில், அதே டிக்கெட்டில். எங்கள் ஊர் பார்க்கிலேயே நடத்தினாலும் கூட்டம் வரும், மேற்கு சிட்னியில் எந்த நாட்டுக்கும் ஒரு தெரு ஆள் இருக்கிறார்கள்.

13 டிசம்பர்

இழை தூங்கிவிட்டது என்று நினைத்தேன். நேற்றைய செய்தியைப் பார்த்தீர்களா? பாப்புவா நியூ கினிக்கு ஆஸ்திரேலிய லீக் போட்டியில் தனி அணி, 2028-லிருந்து. ஆஸ்திரேலிய அரசு பத்து வருஷத்தில் 60 கோடி டாலர் கொடுக்கிறது. கூடவே பாதுகாப்பு விஷயத்தில் ஒரு புரிந்துணர்வு. பசிபிக்கில் சீனா காலூன்றக் கூடாது என்ற கவலைதான் இதற்குப் பின்னால் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது.

ரக்பி லீக்கையே தேசிய விளையாட்டாக வைத்திருக்கும் நாடு அது ஒன்றுதான். போர்ட் மோர்ஸ்பியில் ஆட்டம் நடக்கிற நாளில் மரக்கிளையில் ஏறி உட்கார்ந்து பார்ப்பார்கள். நாலு ஊர் ஆட்டத்துக்காக ஒரு அரசாங்கம் இவ்வளவு பணத்தை எடுத்து வைக்காது அண்ணே.

13 டிசம்பர், இரவு

கண்டி அண்ணன் பதில்: "பணம் கொடுத்தது சீனாவுக்குப் பயந்து, லீக்கின் மேல் ஆசைப்பட்டு இல்லை." இதற்கு என்னிடம் பதில் இல்லை, விட்டுவிடுகிறேன்.

ஆனால் அதே பதிலின் கடைசியில், 2026-ல் சக்கர நாற்காலி ஆட்டங்கள் எந்த ஊரில், டிக்கெட் எப்போது என்றும் கேட்டிருக்கிறார். அட்டவணை வந்ததும் இங்கேயே போடுகிறேன். மெல்போர்னிலிருந்து வருவதானால் எங்கள் வீட்டில் தங்கலாம், மகளிடம் கன்வெர்ஷன் குத்தக் கற்றுக்கொண்டும் போகலாம்.